சைலீன் ஜாடியில் ஒரு வெள்ளைப் புள்ளி

திசு கெடாமல் காக்கும் ஃபார்மலினில் ஊறி, நீரை அகற்றும் ஆல்கஹால் வரிசையைக் கடந்து, சைலீன் ஜாடிக்கு வந்து சேர்ந்த திசுத் துண்டு ஒன்றை இடுக்கியால் எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஓரங்களில் ஒளி ஊடுருவுகிறது, நடுவில் மட்டும் சுண்ணாம்புக் கட்டிபோல வெள்ளையாக ஒரு புள்ளி நிற்கிறது என்றால் அந்தத் துண்டுக்குள் இன்னும் தண்ணீர் இருக்கிறது. அதைக் கவனிக்காமல் மெழுகுக்கு அனுப்பினால் மறுநாள், திசுவை மெல்லியதாகச் சீவும் மைக்ரோடோமில் அந்த இடம் பொடிந்து விழும், ஸ்லைடில் ஓட்டையாக நிற்கும். நோயாளிக்குத் தேவையான விடை அந்த ஓட்டை விழுந்த இடத்தில்கூட இருந்திருக்கலாம். சின்ன பயாப்சியாக இருந்தால் திரும்ப எடுக்க வேறு திசுவே இருக்காது.

இந்தக் கட்டத்தை, திசுவை நுண்ணோக்கியில் பார்த்து நோய் கண்டறியும் ஹிஸ்டோபதாலஜி ஆய்வகங்களில் 'கிளியரிங்' என்கிறோம். தமிழில் தெளிவாக்கல். இரண்டு மொழியிலும் பெயர் நம்மைக் கொஞ்சம் திசைமாற்றி விடுகிறது. திசுவைத் தெளிவாக்குவதுதான் இந்தத் திரவத்தின் வேலை என்று புதிதாகச் சேரும் டெக்னீஷியன்கள் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது பக்கத்தில் நடக்கும் ஒரு விளைவு. கெட்டுப்போன பிளாக்குகளுக்கு, அதாவது திசுவைப் பதித்த மெழுகுக் கட்டிகளுக்கு, சைலீனைத் திட்டும் பழக்கமும் இந்தப் புரிதலிலிருந்தே வருகிறது. பெரும்பாலான தவறுகள் சைலீனுக்கு முந்தைய ஜாடியில் நடந்தவை. சைலீன் அவற்றைக் காட்டிக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

திசுவில் எடைக்கணக்கில் பெரும்பங்கு தண்ணீர். அதை 3 முதல் 5 மைக்ரான் கனத்துக்குச் சீவ வேண்டுமானால் உள்ளே கெட்டிப்பொருள் ஒன்று நிரம்பியிருக்க வேண்டும். அதற்கு 56 முதல் 58 டிகிரியில் உருகும் பாரஃபின் மெழுகு பயன்படுகிறது. மெழுகும் தண்ணீரும் சேராது. தண்ணீரை ஆல்கஹாலால் வெளியேற்றிவிடலாம், ஆனால் ஆல்கஹாலும் மெழுகும் சரியாகச் சேர்வதில்லை. இந்த இடத்தில்தான் ஆல்கஹாலோடும் கலக்கிற, உருகிய மெழுகோடும் கலக்கிற மூன்றாவது திரவம், அதாவது சைலீன் போன்ற ஒன்று, வேண்டியிருக்கிறது. அது ஆல்கஹாலைத் துரத்திவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும். மெழுகு வந்ததும் தானும் இடத்தைக் காலி செய்துவிடும். நல்ல தெளிவாக்கி என்றால் வந்த வேகத்தில் வெளியேறவும் வேண்டும். எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குத் திசுவை எப்பாக்சி பிசினில் பதிக்கும்போது இதே இடைத்தரகு வேலையைப் ப்ரோப்பிலீன் ஆக்சைடு செய்கிறது. அங்கே யாரும் அதைத் தெளிவாக்கி என்று அழைப்பதில்லை.

அப்படியானால் திசு ஏன் கண்ணாடிபோல ஆகிறது? பஜ்ஜி மடித்த காகிதத்தில் எண்ணெய் ஊறிய இடம் மட்டும் ஒளி விடுவதைப் பார்த்திருப்பீர்கள். காகித நாருக்கும் இடையில் இருந்த காற்றுக்கும் ஒளிவிலகல் எண் (ஒளியை வளைக்கும் அளவு) வேறுவேறாக இருந்தவரை ஒளி சிதறியது. காற்று இருந்த இடத்தை எண்ணெய் பிடித்ததும் வேறுபாடு குறைந்து, ஒளி நேராகப் போகிறது. திசுவிலும் இதேதான். பதப்படுத்திய புரதத்தின் ஒளிவிலகல் எண் சுமார் 1.53. தண்ணீருக்கு 1.33, எத்தனாலுக்கு 1.36. சைலீனுக்கோ கிட்டத்தட்ட 1.50. புரதத்துக்கு அருகே வந்துவிட்டதால் சிதறல் குறைகிறது. குளோரோஃபார்முக்கு 1.45 தான், அதனால் அதில் ஊறிய துண்டு சைலீனில் ஊறியதைப்போலப் பளிச்சென்று தெளியாது. ஆனால் தன் வேலையை அது ஒழுங்காக முடித்திருக்கும். தெளியட்டும் என்று காத்திருந்தால் காத்திருக்க வேண்டியதுதான். குளோரோஃபார்மைப் பயன்படுத்தும் இடத்தில் கண்ணை நம்பாமல் கடிகாரத்தை நம்ப வேண்டும். இன்னொன்று, அது தண்ணீரைவிட ஒன்றரை மடங்கு கனமானது. துண்டு மேலே மிதந்து ஒரு பக்கம் மட்டும் ஊறும். துண்டை வைக்கும் துளைப்பெட்டியான கேசட்டை அமுக்கி வைக்க ஏதாவது ஏற்பாடு வேண்டும்.

ஒளி ஊடுருவலையே குறியாகக் கொண்ட தெளிவாக்கல் தனி மரபு. லைப்சிக் நகரின் உடற்கூறியலாளர் வெர்னர் ஷ்பால்டெஹோல்ட்ஸ் 1911-ல் வெளியிட்ட முறை அதற்கு முன்னோடி. முழு உறுப்பை நீரகற்றி, மெத்தில் சாலிசிலேட்டும் பென்சில் பென்சோயேட்டும் கலந்த திரவத்தில் ஊறவைத்தால், உள்ளே நிறமேற்றிய ரத்தக்குழாய்கள் வெளியிலிருந்தே தெரியும். மெத்தில் சாலிசிலேட் என்பது ஊட்டிக் கடைகளில் மூட்டுவலிக்கு விற்கும் விண்டர்கிரீன் தைலத்தின் முக்கியப் பொருள். அதன் ஒளிவிலகல் எண் 1.536, புரதத்துக்கு மிக நெருக்கம். 2013-ல் ஸ்டான்ஃபோர்டில் கார்ல் டைஸரோத் குழு வெளியிட்ட கிளாரிட்டி முறை வேறு வழியில் போனது. திசுவுக்குள் ஹைட்ரோஜெல் வலை பின்னி, ஒளியைச் சிதறடிக்கும் கொழுப்பை மட்டும் சோப்புக்கரைசலால் நீக்கினார்கள். 2024-ல் அதே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உயிருள்ள எலியின் தோலில் டார்ட்ரசின் கரைசலைத் தடவி அதைச் சற்று நேரம் ஊடுருவிப் பார்க்கும்படி செய்தார்கள். டார்ட்ரசின் இனிப்புகளில் போடும் மஞ்சள் நிறம்தான். இவை எல்லாம் அழகானவை. ஆனால் நோய் கண்டறியும் ஆய்வகத்தில் தினமும் ஓடுவது மெழுகு வேலைதான், எனவே அங்கேயே திரும்புவோம்.

நேரக் கணக்கு

சைலீனை 1850-ல் பிரெஞ்சு வேதியியலாளர் ஒகுஸ்ட் காஊர் மரத்தாரிலிருந்து பிரித்தார். மரத்துக்கான கிரேக்கச் சொல்தான் பெயரில் இருக்கிறது. புட்டியில் வருவது ஒரே பொருள் அல்ல. ஆர்த்தோ, மெட்டா, பாரா என்ற மூன்று வடிவங்களும் கொஞ்சம் எத்தில் பென்சீனும் கலந்தது. கொதிநிலை ஒரு புள்ளியாக இல்லாமல் 137 முதல் 144 டிகிரி வரை பரவியிருப்பது அதனால்தான்.

3 மில்லிமீட்டர் கனமுள்ள துண்டுகளுக்கு ஓர் இரவு ஓட்டம் ஏறக்குறைய இப்படிப் போகும்: 70 சதவீத ஆல்கஹால் 1 மணி, 90 சதவீதம் 1 மணி, முழு (நீரற்ற) ஆல்கஹால் மூன்று ஜாடிகளில் தலா 1 மணி, சைலீன் இரண்டு ஜாடிகளில் தலா 1 மணி, 60 டிகிரி மெழுகு மூன்று தொட்டிகளில் தலா 1 மணி. இந்தியாவில் எத்தனால் வாங்கவும் வைத்திருக்கவும் கலால் அனுமதி தேவைப்படுவதால் பல ஆய்வகங்கள் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் ஓட்டுகின்றன. அது தவறே இல்லை. திசுவைக் கொஞ்சம் குறைவாகவே சுருக்கும், சைலீனோடு நன்றாகக் கலக்கும். இளஞ்சிவப்புச் சாயமான ஈயோசினைச் சரியாகக் கரைக்காது என்பதால் நிறமேற்றும் இடத்தில் மட்டும் எத்தனால் வேண்டியிருக்கும்.

இந்த அட்டவணையைப் பார்த்ததும் மனப்பாடம் செய்யாதீர்கள். நேரத்தைத் தீர்மானிப்பது ஜாடி அல்ல, துண்டின் கனம். திரவம் துண்டுக்குள் பரவ ஆகும் நேரம் கனத்தோடு சேர்ந்து கூடுவதில்லை, கனத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. 3 மில்லிமீட்டரை 6 ஆக்கினால் நேரம் இரண்டு மடங்காகாது, நான்கு மடங்கு ஆகும். கேசட்டில் அடைத்து மூடிய தடித்த துண்டுக்கு எந்த அட்டவணையும் உதவாது. மூடியின் கம்பித் தடம் துண்டின்மேல் பதிந்திருந்தால் அது திசுவைப் பார்த்துத் துண்டாக வெட்டும் கிராசிங் மேசையில் நடந்த தவறு. சைலீன் நேரத்தைக் கூட்டி அதைச் சரிசெய்யப் பார்ப்பது வீண்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. இரைப்பையிலிருந்து எண்டோஸ்கோப்பியில் எடுத்த 2 மில்லிமீட்டர் துணுக்கையும் கருப்பைத் தசைக் கட்டியையும் ஒரே கூடையில் போட்டு ஒரே ஓட்டத்தில் அனுப்பினால், துணுக்கு தனக்கு வேண்டியதைவிட மூன்று நான்கு மடங்கு நேரம் சைலீனில் கிடக்கும். காலையில் எடுக்கும்போது முறுக்குத் துண்டுபோல உடையும். துணுக்குகளுக்குத் தனி ஓட்டம் வைத்து, ஒவ்வொரு சைலீனிலும் 15 முதல் 20 நிமிடம் என்று குறைத்துவிடுங்கள். இரண்டு ஓட்டத்துக்கு வசதியில்லை என்று சொல்லும் சின்ன ஆய்வகங்களில், கையால் ஜாடி மாற்றிச் செய்வதுகூட எல்லாவற்றையும் ஒன்றாக ஓட்டுவதைவிட நல்லது.

திரவத்தின் அளவு துண்டுகளின் கொள்ளளவைப்போலக் குறைந்தது 10 மடங்கு, முடிந்தால் 20 மடங்கு இருக்க வேண்டும். ஜாடிகளைச் சுழற்றும் முறை எளிது: முதல் சைலீனைக் கழித்துவிட்டு, இரண்டாவதை முதல் இடத்துக்கு நகர்த்தி, கடைசியில் புதியது. எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று நாள் கணக்கில் வைப்பதைவிட எத்தனை கேசட்டுகளுக்கு ஒருமுறை என்று வைப்பதே சரி. திங்கட்கிழமை 20 கேசட், செவ்வாய் 120 கேசட் வரும் இடத்தில் காலண்டருக்கு ஒன்றும் தெரியாது.

தண்ணீர் எங்கிருந்து வந்தது

சைலீன் தண்ணீரைக் கொஞ்சமும் ஏற்காது. ஒரு லிட்டர் தண்ணீரில் கால் கிராம்கூடக் கரையாத திரவம் அது. கடைசி ஆல்கஹாலில் நீர் இருந்தால் அது துண்டோடு சேர்ந்து சைலீனுக்குள் வந்து, நுண்ணிய துளிகளாகி, ஜாடியைப் பால்போலக் கலங்கடிக்கும். துண்டு வெள்ளையாகிக் கெட்டிப்படும். அந்த நிலையில் சைலீனில் இன்னும் ஒரு மணி நேரம் விட்டுப் பார்ப்பதுதான் வழக்கமாகச் செய்யும் தவறு. நூறு மணி நேரம் விட்டாலும் அந்தத் தண்ணீர் போகாது. துண்டைப் புதிய முழு ஆல்கஹாலுக்குத் திருப்பி, ஒன்றிரண்டு மணி நேரம் வைத்து, கலங்கிய சைலீனைக் கழித்துவிட்டுப் புதிய சைலீனில் மறுபடி தொடங்குங்கள்.

தண்ணீர் வரும் வழிகள் பல. 70 சதவீத ஜாடியிலிருந்து கூடை சொட்டச் சொட்ட அடுத்ததுக்குப் போகும். புட்டியைத் திறந்து வைத்திருந்தால் முழு ஆல்கஹால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். சென்னை, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இது நிஜமான தொல்லை. வெயில் காலத்தில் ஒழுங்காக ஓடிய அதே அட்டவணை மழைக்காலத்தில் மெத்தென்ற பிளாக்குகளைத் தந்தால் முதலில் ஆல்கஹால் மூடியைப் பாருங்கள். பழைய உபாயம் ஒன்று இன்றும் பயன்படும்: கடைசி ஆல்கஹால் ஜாடியின் அடியில் நீரற்ற காப்பர் சல்பேட் தூளைப் பரப்பி, மேலே வடிதாள் போட்டுவிடுவது. தூள் வெள்ளையாக இருக்கும். தண்ணீர் சேரச் சேர நீலமாகும். நீலம் தெரிந்த அன்றே ஆல்கஹாலை மாற்றிவிட வேண்டும். மலிவான, பொய் சொல்லாத காவலாளி. கையால் ஓட்டும் ஜாடிகளுக்குத்தான் இது. தானியங்கிக் கருவிக்குள் தூள் போட வேண்டாம்.

கெட்ட பிளாக்கைப் பார்த்துக் காரணத்தைப் பிரித்தறிவது கற்றுக்கொள்ள வேண்டிய கலை. நீர் மிச்சமிருந்த துண்டு ஓரிரு நாளில் பிளாக்கின் முகத்திலிருந்து உள்வாங்கிக் குழியும். நகத்தால் தொட்டால் மெத்தென்றிருக்கும். சீவல்கள் தொடராக ஒட்டி வரும் ரிப்பன் வந்தாலும் வெந்நீர்த் தொட்டியில் போட்டதும் சிதறும். சைலீனில் அதிகம் கிடந்த துண்டு இதற்கு நேர்மாறு: கத்தி பட்டதும் கரகரக்கும், சீவலில் குறுக்குக் கோடுகள் விழும், நுண்ணோக்கியில் பார்த்தால் கோடையில் கண்மாய்ப் படுகை வெடித்ததுபோலத் திசு முழுக்க மெல்லிய பிளவுகள். இரண்டாவது வகைக்குப் பிளாக்கின் முகத்தைச் சீவித் திறந்து, பனிக்கட்டித் தண்ணீரில் சில நிமிடம் கவிழ்த்து வைத்தால் மேல்பரப்பு ஈரம் வாங்கிக் கொஞ்சம் இளகும். முதல் சில சீவல்கள் நன்றாக வரும், அவற்றை விட்டுவிடக் கூடாது. முதல் வகைக்கு இந்த வைத்தியம் தீங்கு. அதை உருக்கி, மெழுகை வடித்து, சைலீன், முழு ஆல்கஹால் என்று பின்னோக்கிப் போய் மீண்டும் முன்னோக்கி வர வேண்டும். ஒரு நாள் போகும், அறிக்கை தாமதமாகும். ஆனால் துண்டு மிஞ்சும்.

மூளை, மண்ணீரல், ரத்தம் நிறைந்த துண்டுகள், தசைநார், கருப்பைத் தசை ஆகியவை சைலீனில் சீக்கிரம் கெட்டிப்படுபவை. 3 மணி நேரத்தைத் தாண்ட விடாதீர்கள். வார இறுதிக்குக் கருவியை நிறுத்தி வைக்க வேண்டியிருந்தால் கூடை ஃபார்மலினில் நிற்கும்படி தாமதம் வையுங்கள், சைலீனில் ஒருபோதும் வேண்டாம்.

கரைந்துபோவது எது

சைலீன் கொழுப்பைக் கரைக்கும். கொழுப்புச் செல்கள் ஸ்லைடில் வெறும் வளையங்களாகத் தெரிவதும், பழைய ரத்தக்கசிவிலும் தமனித் தடிப்பிலும் ஊசி வடிவ வெற்றிடங்கள் தெரிவதும் இதனால்தான். அந்த ஊசிகள் கொலஸ்ட்ரால் படிகங்கள் இருந்த தடம், படிகம் கரைந்து போய்விட்டது. கொழுப்பையே நிறமேற்றிப் பார்க்க வேண்டுமானால் மெழுகு வழியே வரக் கூடாது. உறைய வைத்துச் சீவி, ஆயில் ரெட் ஓ என்ற சாயம் போட வேண்டும். துண்டு சைலீனுக்குள் போன பிறகு 'கொழுப்பு ஸ்டெயின் போடுங்கள்' என்று கேட்டால் தருவதற்கு ஒன்றுமில்லை. அதனால் இந்த முடிவு கிராசிங் மேசையில் எடுக்கப்பட வேண்டியது.

மார்பகம், லைப்போமா என்ற கொழுப்புக் கட்டி போன்றவை முதல் சைலீன் ஜாடியைக் கொழுப்பால் நிரப்பிவிடும். நிறைந்த சைலீன் பார்வைக்குத் தெளிவாகவே இருக்கும், வேலை செய்யாது. இந்தத் துண்டுகளை 2 மில்லிமீட்டருக்குச் சீவி அனுப்புவதுதான் தீர்வு. இதே கொழுப்பு கரைக்கும் குணம் வேறு இடத்தில் நல்ல பயனாகிறது. பெருங்குடல் புற்றுநோய் அறுவையில் குறைந்தது 12 நிணநீர்க் கணுக்களைத் தேடி எடுக்க வேண்டும் என்பது வழக்கம். கையால் தடவித் தேடிக் கிடைக்காதபோது, குடலை ஒட்டிய கொழுப்பை ஆல்கஹாலிலும் சைலீனிலும் ஊறவைத்தால் கொழுப்பு ஒளி விட்டு, கணுக்கள் மட்டும் வெள்ளை மணிகளாக நிற்கும்.

மெழுகுத் தொட்டிக்கும் சைலீன் வந்து சேரும். முதல் தொட்டியில் அது தவிர்க்க முடியாதது. கடைசித் தொட்டியிலும் வாடை அடித்தால் மெழுகு கெட்டுவிட்டது என்று பொருள். சைலீன் கலந்த மெழுகு குளிர்ந்ததும் சொரசொரப்பாக, பொடிப்பொடியாக இறுகும். விரலிடுக்கில் தேய்த்தால் வழுக்கும். அதில் பதித்த பிளாக்கில் ரிப்பன் ஓடாது. கத்தியை மாற்றி மாற்றிப் பார்ப்பதற்கு முன்னால் தொட்டியை முகர்ந்து பாருங்கள் என்று சொல்லத் தோன்றும், ஆனால் ஆவியை முகர்வதும் சரியல்ல. கொஞ்சம் மெழுகை ஒரு வில்லையாக ஊற்றி ஆறவைத்து உடைத்துப் பார்த்தாலே போதும்.

நிறமேற்றும் மேசையில் சைலீன் இரண்டு முறை வருகிறது. முதலில் மெழுகை நீக்க. ஸ்லைடை 60 டிகிரியில் 20 நிமிடம் சுடவைத்து, இரண்டு சைலீன்களில் தலா 5 நிமிடம். குறைத்தால் மெழுகு தங்கிய இடத்தில் ஹெமடாக்சிலின் சாயம் பிடிக்காமல் திட்டுத் திட்டாக வெளுத்திருக்கும். இரண்டாவது, நிறமேற்றி முடித்து, மெல்லிய மூடுகண்ணாடியான கவர்ஸ்லிப் போடும் முன். இங்கேதான் தெளிவாக்கல் என்ற பெயர் உண்மையாகிறது, ஏனென்றால் கவர்ஸ்லிப்பை ஒட்டும் டிபிஎக்ஸ் பிசினின் ஒளிவிலகல் எண் 1.52, கண்ணாடிக்கும் அதே அளவு. கடைசி ஆல்கஹாலில் தண்ணீர் இருந்தால் கவர்ஸ்லிப்புக்கு அடியில் பனிமூட்டம் படரும். 40 மடங்கு லென்சில் எதுவும் கூர்மையாக வராது, மருத்துவர் நுண்ணோக்கியைத் துடைத்துக்கொண்டே இருப்பார். இன்னொரு கோளாறு, செல்கருக்களின் மேல் பழுப்புக் கருப்பாகப் புள்ளிகள் மினுங்குவது. அது நிறமி அல்ல, காற்று. சைலீனிலிருந்து எடுத்த ஸ்லைடை மின்விசிறிக்குக் கீழே காயவிட்டு, பிறகு டிபிஎக்ஸ் வைத்ததன் விளைவு. கவர்ஸ்லிப் சைலீனில் ஊறிக் கழன்று வரும்வரை பொறுத்திருந்து, ஆல்கஹால் வழியே தண்ணீருக்கு இறக்கி, மறுபடி ஏற்றி, ஈரம் இருக்கும்போதே மூடினால் முழுக்கச் சரியாகிவிடும். மெலனினா, மலேரியா நிறமியா என்று குழம்பும் முன் ஒருமுறை இதைச் செய்து பாருங்கள்.

டிபிஎக்ஸ் 1939-ல் கிர்க்பாட்ரிக்கும் லெண்ட்ரமும் உருவாக்கியது. பாலிஸ்டைரீன், இளக்கி, சைலீன் என்ற மூன்றின் கலவை. பாலிஸ்டைரீன் சைலீனில் கரையும் என்பதால்தான் அது சாத்தியம். அதே காரணத்தால் தெர்மோகோல் தட்டிலும் மலிவான பிளாஸ்டிக் கிண்ணத்திலும் சைலீனை ஊற்றக் கூடாது. மார்க்கர் மையும் கரையும். ஸ்லைடின் சொரசொரப்பான முனையில் பென்சிலால் எழுதிய எண் மட்டும்தான் எல்லா ஜாடியையும் தாண்டி நிற்கும்.

மற்ற திரவங்கள்

பென்சீன் திசுவுக்கு மிக மென்மையானது, வேகமாக ஆவியாகும். ரத்தப் புற்றுநோயை உண்டாக்குவது உறுதிப்பட்டதால் ஆய்வகத்தில் அதற்கு இடமில்லை. பழைய செய்முறைகளில் அதன் பெயர் வந்தால் அப்படியே பின்பற்ற வேண்டாம். டொலுவீன் சைலீனைப்போலவே வேலை செய்யும், சற்றே குறைவாகக் கெட்டியாக்கும், ஆனால் தீப்பற்றுநிலை (ஆவி தீப்பிடிக்கக்கூடிய மிகக் குறைந்த வெப்பநிலை) 4 டிகிரி. டயாக்சேன் தண்ணீரோடும் மெழுகோடும் கலக்கும், ஆல்கஹாலே வேண்டாம் என்று ஒரு காலத்தில் கொண்டாடினார்கள். நச்சு அதிகம், நாட்பட்டால் வெடிக்கும் பெராக்சைடுகள் சேரும். செடார் மர எண்ணெய் இவை எல்லாவற்றிலும் சாது. துண்டு அதில் வாரக்கணக்கில் கிடந்தாலும் கெட்டிப்படாது, தோலுக்கும் தசைநாருக்கும் அருமையானது. விலை அதிகம், மெதுவானது, மெழுகுக்குள் போனால் வெளியே வரச் சம்மதிக்காது. தாவரத் திசுவுக்கு மூன்றாம் நிலை பியூட்டனால் இன்றும் நல்ல வழி. 25 டிகிரியில் உறையும் என்பதால் ஏசி அறையில் ஜாடியே கட்டியாகிவிடும்.

சைலீனை மாற்ற வேண்டும் என்ற பேச்சுக்குக் காரணம் அதன் ஆவி. தலைவலி, தலைச்சுற்றல், கண் எரிச்சல், வெடித்த தோல் ஆகியவை எல்லாம் தினமும் அதோடு புழங்குபவர்களுக்குத் தெரிந்தவை. இந்தியாவின் 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் அட்டவணையில் 8 மணி நேரச் சராசரிக்கு 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) என்ற வரம்பு இருந்தது. அமெரிக்கத் தொழில்சுகாதார நிபுணர்களின் அமைப்பான ஏசிஜிஐஎச் தன் பரிந்துரையை 2021-ல் 20 பிபிஎம் ஆகக் குறைத்தது. ஆவி காற்றைவிட மூன்றரை மடங்குக்கும் மேல் கனமானது. கூரையை ஒட்டி மாட்டிய எக்ஸாஸ்ட் விசிறி சுற்றிக்கொண்டிருக்கும், ஆவி மேசை உயரத்திலும் தரையிலும் தேங்கியிருக்கும். உறிஞ்சும் வாய் ஜாடிக்குப் பின்னால், மேசை மட்டத்தில் இருக்க வேண்டும். சாதாரண நைட்ரைல் கையுறை சில நிமிடத்தில் சைலீனை உள்ளே விட்டுவிடும். தெறித்தால் உடனே கழற்றிப் போடத்தான் அது, ஜாடிக்குள் கைவிட அல்ல. தீப்பற்றுநிலை 25 முதல் 30 டிகிரி. ஏசி இல்லாத அறையில் சித்திரை வெயிலில் திறந்து வைத்த சைலீன் ஜாடி எந்த நேரமும் தீப்பிடிக்கத் தயாராக இருக்கிறது. பக்கத்தில் ஸ்லைடு சுடவைக்கும் தட்டை வைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

மாற்றாக வருபவற்றில் ஆரஞ்சுத் தோலிலிருந்து எடுக்கும் லிமோனீன் ஒரு வகை. மணம் முதல் வாரம் இனிமை, பிறகு திகட்டும். காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைந்த லிமோனீன் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும். கொதிநிலை 176 டிகிரி என்பதால் மெழுகிலிருந்து எளிதில் பிரியாது, மெழுகை அடிக்கடி மாற்ற வேண்டும். இன்னொரு வகை பெட்ரோலியத்திலிருந்து வரும் நேர்ச்சங்கிலி, கிளைச்சங்கிலி ஹைட்ரோகார்பன்கள். வாடை குறைவு, திசுவைக் கெட்டியாக்காது. ஆனால் தண்ணீரைச் சைலீன் அளவுக்குக்கூடப் பொறுக்காது. ஆல்கஹால் ஜாடிகளில் ஒழுங்கில்லாத ஆய்வகம் சைலீனிலிருந்து இதற்கு மாறினால் முதல் வாரத்திலேயே பிளாக்குகள் கெட்டு, 'மாற்றுத் திரவம் சரியில்லை' என்று திரும்பிவிடும். டிபிஎக்ஸோடு ஒத்துப்போகுமா என்பதையும் சோதிக்க வேண்டும், சிலவற்றுக்குத் தனிப் பிசின் தேவை.

தேங்காய் எண்ணெயைத் தெளிவாக்கியாகச் சோதித்த ஆய்வுகள் இந்தியப் பல் மருத்துவக் கல்லூரிகளிலிருந்து வந்திருக்கின்றன. திசு குறைவாகச் சுருங்குகிறது என்பது நல்ல செய்தி. ஆனால் 24 டிகிரிக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறையும், குளிர்ந்த ஆல்கஹாலோடு தாராளமாகக் கலக்காது, எனவே வெதுவெதுப்பாகவே வைத்திருக்க வேண்டும். கொழுப்பு மிகுந்த துண்டுகளில் சைலீன் கரைத்து எடுப்பதை இது எடுக்காது. சின்ன வாய்த்திசு பயாப்சிகளுக்குப் பொருந்தலாம், எல்லாத் துண்டுகளுக்கும் பொருந்தும் என்று நம்ப முடியவில்லை. மேலும் உறுதியான வழியாகத் தெரிவது ஐசோப்ரோப்பனாலும் மினரல் எண்ணெயும் கலந்த முறை. 5-க்கு 1, பிறகு 2-க்கு 1 என்ற விகிதத்தில், வெதுவெதுப்பில் ஊறவைத்து நேரே மெழுகுக்குப் போகலாம். ஸ்லைடில் மெழுகு நீக்கச் சைலீனுக்குப் பதில் 1.7 சதவீதப் பாத்திரம் துலக்கும் திரவக் கரைசலை 90 டிகிரிக்குச் சூடாக்கி, இரண்டு மாற்றம், தலா 1 நிமிடம். கேட்க எளிமையாக இருந்தாலும் நன்றாக வேலை செய்கிறது. பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் நுரை போக அலசுவதில் மட்டும் சோம்பல் கூடாது.

கழிவுச் சைலீனைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. தண்ணீரோடு சேராமல் சாக்கடையில் மேலே மிதந்து, ஆவியாகி, தீப்பொறிக்குக் காத்திருக்கும். மூடிய கேனில் சேர்த்து அபாயக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுக்கலாம், அளவு அதிகமென்றால் காய்ச்சி வடிக்கும் கருவி வாங்கலாம். வடித்த சைலீனில் ஆல்கஹால் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்காமல் கடைசி ஜாடிக்குப் போடாதீர்கள். முதல் ஜாடிக்கும் மெழுகு நீக்கும் ஜாடிக்கும் அது போதும்.

மாற்றுத் திரவத்துக்குப் போக முடிவெடுத்தால் நோயாளிகளின் துண்டில் தொடங்க வேண்டாம். அறிக்கை கொடுத்து முடிந்து, ஃபார்மலினில் மிச்சமிருக்கும் திசுக்களிலிருந்து டான்சில், மார்பகக் கொழுப்பு, கருப்பைத் தசை, தோல் என்று நான்கு வகை எடுத்து, ஒவ்வொன்றையும் இரண்டாக வெட்டி ஒரு பாதியைச் சைலீனிலும் மறு பாதியைப் புதியதிலும் ஓட்டுங்கள். ஸ்லைடில் எது எந்தப் பாதி என்று எழுதாமல், பார்ப்பவருக்குத் தெரியாமல் மதிப்பெண் போடச் சொல்லுங்கள்: ரிப்பன் எப்படி வந்தது, செல்கரு எவ்வளவு தெளிவு, சுருக்கம் எவ்வளவு, பின்புலம் பனிமூட்டமாக இருக்கிறதா. டான்சில் இரண்டிலும் நன்றாகத்தான் வரும், மார்பகத்தையும் கருப்பைத் தசையையும் பார்த்து முடிவெடுங்கள். 6 மாதம் கழித்து அதே ஸ்லைடுகளை மறுபடி எடுத்து, கவர்ஸ்லிப்பின் ஓரத்தில் காற்று நுழைந்திருக்கிறதா, ஈயோசின் வெளுத்திருக்கிறதா என்று பார்த்த பிறகு பழைய சைலீன் கேனைத் திருப்பி அனுப்பலாம்.